ஐந்தாவது துக்க வீடு

இந்த வருடத்தில் பெத்தபெருமாள் கொன்ற ஐந்தாவது ஆள், சுங்கை சிப்புட் சதாசிவம். காலையில் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, மாரடைப்பு என்று மனைவியிடம் சொன்னார்.

"யாருங்க அது சதாசிவம்?" என்றாள் நித்யகல்யாணி.

"நம்ம கடைக்கு வர்ற பழைய ஆளு. போன மாசந்தான் கண்ணாடி மாத்திக்கிட்டாரு, பாவம்."

"சரி. வந்ததும் பின்னால குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

அந்தக் குளியலுக்காகத்தான் பிறக்காத சதாசிவம் சாக வேண்டியிருந்தது. ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெத்தபெருமாளுக்குப் பழைய ரேஸ் சைக்கிளின் ஸ்டீல் பிரேம் என்றால் உயிர். துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் முன்வாசலை மிதிக்கக் கூடாது, பின்பக்கக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில்தான் சாமான் கொட்டகை.

"இன்னொரு பிரேம் இந்த வீட்டுக்கு வந்துச்சு, மொத்தத்தையும் பழைய இரும்புக்குப் போட்டிருவேன்" என்று தைப்பூசத்தன்று அவள் சொல்லியிருந்தாள். அவரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அதன் பிறகு வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரே நீலத்தை அடித்து, கொட்டகையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கவிட்டார். வாசலில் நின்று பார்த்தால் ஒன்றுதான் தெரியும். அவரும் அந்த ஒன்றைத் தாண்டிப் பார்த்ததில்லை. நீலம் காய்வதற்குள் அடுத்ததன் மேல் ஆசை வந்துவிடும்.

"ரெண்டு இருக்குண்ணே" என்றாள் நவமணி. சுங்கை சிப்புட்டில் பழைய இரும்புக் கடை நடத்துபவள். "ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பெயிண்ட் போனது."

பெத்தபெருமாள் சிவப்பில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். குழாயை விரலால் சுண்டினார்.

"ஸ்டீல்தான். ஆனா சத்தம் சரியில்ல. பிஸ்கட் டின் மாதிரி இருக்கு."

பெயிண்ட் போனதைத் தூக்கினார். சுண்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சுண்டினார்.

"பாத்தியா தங்கச்சி, தூக்குனதும் ரொம்ப நாள் பழகுன மாதிரி இருக்கு. நல்ல பிரேம் அப்படித்தான்."

"எனக்கு என்னாண்ணே தெரியும். ரெண்டும் இரும்புதானே லா."

பெடல் அச்சு போகும் துளைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு நீலம். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இது எண்பத்திரண்டாம் வருசத்து இத்தாலி நீலம். இன்னைக்கு உலகத்துல எவனாலயும் இந்தக் கலரக் கலக்க முடியாது."

நவமணிக்கு ஏனோ இருமல் வந்தது. "அப்படின்னா வெல கொஞ்சம் கூடும்ண்ணே."

"கூடட்டும்" என்றார், பேரம் பேசாமல்.

மதியம் வீட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, பிரேமைக் கொட்டகைக்குள் தள்ளி, சாக்கைப் போட்டு மூடினார். குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். சமையலறைக்குக் கேட்கும்படி சதாசிவத்துக்காக ஒரு பெருமூச்சும் விட்டார்.

குழாயை மூடியதும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நித்யகல்யாணி கைப்பேசியில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஆமா, வந்துட்டாரு, குளிக்கிறாரு. அதே பிரேமைத்தான் வாங்கிட்டு வந்திருக்காரா? இதோட மூணு தடவ ஆச்சு. திங்கக்கெழம அவரு கடைக்குப் போனதும் வந்து இன்னொண்ண எடுத்துட்டுப் போ."

அடுப்பில் கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது.

"அடுத்ததுலயாச்சும் உள்ள இருக்கிற நீலத்த நல்லா சுரண்டிடு, நவமணி."