முப்பதாம் நாள் பேச்சு

"துறைமுகத்துல மூட்டை தூக்குனாரு. அண்ணாகிராமத்துல பலாப்பழ ஏவாரம் பாத்தாரு. நாப்பது வயசுக்கு மேல லைசென்ஸ் எடுத்து, இருபது வருஷம் பஸ் ஓட்டுனாரு."

கடலூரில், மாதா கோயில் மண்டபத்தில், அப்பாவின் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டம். ஜெகன் மைக் முன்னால் நின்று தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் அக்கா ரீட்டா உதட்டைச் சுழித்தாள். பெற்ற அப்பனைப் பற்றிப் பேசக்கூட இவனுக்கு ஒரு தாள் வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றொரு வயதில் போன தைரியராஜுக்காகப் பங்கு மக்களே திரண்டிருந்தார்கள். தவக்கால நாடகத்தில் யாரும் ஏற்காத யூதாஸ் வேஷத்தைப் பதினோரு வருஷம் அவரே போட்டதை ஜெகன் படித்தபோது கூட்டம் சிரித்தது. அம்மா படுக்கையில் விழுந்தபின் அறுபத்தெட்டு வயதில் சமையல் கற்றுக்கொண்டதைப் படித்தபோது அழுதது.

இவனுக்கென்ன தெரியும்? கடைசி எட்டு வருஷம் அப்பா சிதம்பரத்தில் ரீட்டா வீட்டில்தான் இருந்தார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இந்தத் துரை வந்தது இரண்டே தடவை. அதில் ஒன்று மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று போன் செய்தபோது, ஆபீஸில் ஆடிட்டிங் நடக்கிறது என்றான்.

"கடைசி வரைக்கும் அப்பாவ ஒரு நாள்கூட நாங்க தனியா வுட்டதில்ல" என்று படித்தபோது ஜெகனின் குரல் உடைந்தது. நடிப்பில் அப்பாவையே மிஞ்சிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள் ரீட்டா. பக்கத்திலிருந்த மாமாவோ, புள்ளைன்னா இப்படி இருக்கணும் என்று கண்ணைத் துடைத்தார். அவளுக்கு எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் தம்பியை மண்டபத்துக்குப் பின்னால் மடக்கினாள்.

"கூசலையாடா உனக்கு? யாருகிட்ட குடுத்து இத எழுதி வாங்குன?"

ஜெகன் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனான். கிழித்தெறியும் ஆத்திரத்தில் அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பிரித்தாள்.

நடுங்கி நடுங்கி, வலப்பக்கம் சாய்ந்து ஓடிய எழுத்து. எட்டு வருஷமாக அவள் வீட்டு மளிகைச் சீட்டுகளை எழுதிய கை.

"படிக்கக் கூடாதுன்னுதான்க்கா இருந்தேன்" என்றான் ஜெகன், தலையைத் தூக்காமல். "'ஊரு உன்னத் தப்பா பேசக் கூடாது, இத அப்படியே படிச்சுடு'ன்னு ரெண்டு மாசத்துக்கு முந்தி அப்பாதான் தபால்ல அனுப்புனாரு."