கண் தெரியாத படம்

"நானா, இது பூனையா, கிழிஞ்ச தலையணையா?"

அஸ்ரியா படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். அவள் அண்ணன் முறைவைத்து 'நானா' என்று கூப்பிடும் பாறூக் தலையைச் சொறிந்தார்.

"பூனைதான் தங்கச்சி. எடுக்கக்குள்ள ஆடிட்டுது."

"பூனை ஆடல்ல. உங்கட கைதான் ஆடியிருக்கு."

தில்லையடியில் போட்டோக் கொப்பி, அடையாள அட்டைப் படம் என்று அண்மையில் கடை திறந்தவள் அஸ்ரியா. உப்பளத்தில் வேலை செய்யும் பாறூக் வெள்ளிக்கு வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அங்கே வந்துவிடுவார். கையில் ஒரு சின்னக் கெமரா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மனைவி றம்ஸியா பார்சலில் போட்டு அனுப்பியது. 'என்ட சீனியை வாராவாரம் படமெடுத்து அனுப்புங்க' என்பது அவள் உத்தரவு. சீனி அவள் வளர்த்த வெள்ளைப் பூனை. பாறூக்கிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் படங்களை அஸ்ரியாதான் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பாள்.

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடாது. ஆனால் பாறூக் கெமராவைத் திறந்தால் இருண்டுவிடும்! முதல் வாரம் அவர் உடுத்திருந்த சாரத்தின் மடியில் சுருண்டு கிடக்கும் ஒரு முதுகு. அடுத்த வாரம் வெறும் வால். போன வாரம் உப்புக் குவியலின் மேல் பூனையை வைத்து எடுத்திருந்தார். படம் முழுக்க வெள்ளை.

"வெள்ளைப் பூனையை உப்புக்கு மேல வைப்பாங்களா யாரும்? சீனிய உப்புல கொட்டினா ஆருக்குத் தெரியும்?"

"நல்ல வெளிச்சம் வேணும் என்டு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான். அதோடு விட்டாளா? பூனையின் உயரத்துக்குக் குனியுங்க. வெயில் உங்கட முதுகுப் பக்கம் இருக்கட்டும். இறால் தலையைக் காட்டிக் கூப்பிடுங்க. பட்டனைப் பாதி அமத்திப் பிடிச்சு, கண் தெளிஞ்ச பொறகு முழுசா அமத்துங்க. கண் சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும்.

பாறூக் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பார். மறு வெள்ளி பழைய குருடி கதவைத் திறடி.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அஸ்ரியா அந்தப் படங்களைக் காட்டிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கடல் கடந்து போய் ஊரான் வீட்டுச் சட்டியைக் கழுவுகிறவள் கேட்பது ஒரே ஒரு படம். அதற்குக்கூட இந்த மனுசனுக்கு அக்கறை இல்லையே!

"போய்ப் பூனையைத் தூக்கிட்டு வாங்க நானா. இன்டைக்கு நான் எடுக்கிறன்."

"ஐயோ, அதுக்குக் காய்ச்சல்."

"நீங்க எடுக்கிற படத்தைப் பாத்தா எனக்கும்தான் காய்ச்சல் வருது. தூக்கிட்டு வாங்க!"

வேறு வழியில்லாமல் போனவர், பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். அது அவர் கழுத்தில் முகத்தை உரசிக்கொண்டே வந்தது.

அஸ்ரியா அதை வாசற்படியில் இருத்தினாள். அதே சின்னக் கெமராவோடு மண்ணில் முழங்கையை ஊன்றிக் குனிந்தாள். பக்கத்து மீன்கடையில் கேட்டு வாங்கிய இறால் தலையைத் தூக்கிக் காட்டினாள். பூனை நிமிர்ந்து பார்த்தது. ஒரே அமத்து! மஞ்சள் கண் இரண்டும் பளிச்சென்று விழுந்தன. மீசையை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டு வேலையை முடித்தாள்.

"பாத்தீங்களா? கெமராவில ஒரு குறையும் இல்ல. குறை ஆளிலதான்."

திரையைப் பார்த்த பாறூக்கின் முகம் வெளிறியது.

"இத அனுப்பாதீங்க தங்கச்சி."

"அனுப்பிட்டனே!"

அவர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சீனிக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள்."

அஸ்ரியா படத்தைப் பார்த்தாள். இரண்டும் மஞ்சள்.

"சீனியை ரோட்டில லொறி அடிச்சிட்டுது. கெமரா வந்து சேர முந்தியே. போன் எடுத்தா 'சீனி சாப்பிட்டிச்சா' என்டுதான் முதல்ல கேப்பா. அங்க தனிய இருந்து அழுவாவே என்டு சொல்ல வாய் வரல்ல. அதான் சந்தையடியில கிடந்த இதத் தூக்கிட்டு வந்தன். கண் தெரியாம எடுக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உப்புக் குவியல் வரைக்கும் போனனே!"

அஸ்ரியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவசரமாகப் படத்தை அழிக்கப் போனாள். அதற்குள் படத்தின் கீழே இரண்டு 'சரி' அடையாளமும் நீலமாகிவிட்டன. றம்ஸியா பார்த்துவிட்டாள்.

பதில் வந்தது. குரல் செய்தி. அஸ்ரியா அதை அமத்த, சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"அஸ்ரியா தங்கச்சி, அவர் பக்கத்தில இல்லத்தானே? படம் ஷோக்கா இருக்கு. ஆனா இனி நீங்க எடுக்க வேணாம். எங்கட சீனி அவரக் கண்டாலே கட்டிலுக்கடியில ஓடுற பூனை. அவர்ட சாரத்தில ஒன்டு சுருண்டு படுத்திருந்த படத்தைப் பாத்த அன்டே எனக்கு வெளங்கிட்டுது. அன்டைக்கு நல்லா அழுதன். பொறகு, கண்ணை மறைக்க அந்த மனுசன் படுற பாட்டைப் பாத்து ஒவ்வொரு வெள்ளியும் சிரிக்கிறன். அதுக்காகத்தான் 'சீனி சாப்பிட்டிச்சா' என்டு விடாமக் கேக்கிறன். இந்த வீட்டில எனக்கு வேற சிரிப்பு ஏது? அவருக்கு மட்டும் ஒழுங்காப் படமெடுக்கப் பழக்கிராதீங்க, தங்கச்சி!"