ஈரக்குடை

“மறுபடியும் அந்தத் தக்காளிப் பாட்டுதானா, முகாய் சான்?” என்று கேட்டபடி மைக் இருந்த கூடையை நீட்டினாள், கரோக்கே கடையின் கல்லாவில் இருந்த ஒகினோ.

“பின்ன எதுக்கு மழையில நனைஞ்சு வரேன்? மூணாம் நம்பர் அறையைக் குடுங்க.”

“போன வாரம் பக்கத்து அறைப் பொண்ணுங்க, ‘உள்ள யாருக்கோ பிறந்தநாளா’ன்னு கேட்டாங்க. அறுபத்தாறு வயசுக்காரர் தனியா உக்காந்து பாடறார்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துது.”

முகாய் சிரித்தார். ஜப்பானின் தொயாமா நகரில் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி, மக்கள் என்று யாரும் கிடையாது. அத்தனை வருஷமும் காலைச் சாப்பாட்டுக்கு அவருக்குத் துணை, டிவியில் ஊர் ஊராகப் போய் ருசி பார்த்துச் சொல்லும் ஹொனாமிதான்.

அந்த ஹொனாமி நாற்பது வயதில் என்ன நினைத்தாளோ, தலையில் தக்காளித் தொப்பியுடன் வந்து, ‘ஞாயிறு தக்காளி’ என்று ஒரு பாட்டைக் குதித்துக் குதித்துப் பாடினாள். நாடே கைகொட்டிச் சிரித்தது. பாட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. முகாய்க்கு மட்டும் அது பிடித்துத் தொலைத்தது.

பாடி முடித்ததும் கரோக்கே இயந்திரம் மதிப்பெண் போடும். நாடு முழுவதும் அந்தப் பாட்டை யார் யார் பாடுகிறார்கள், கடைசியாக எத்தனை வாங்கினார்கள் என்று திரையில் பட்டியலும் காட்டும். ஒரு மாதம் பாடாதவர் பெயர் தானாக விழுந்துவிடும். மற்ற பாட்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் பெயர்கள் வரும். தக்காளிக்கு இரண்டே பேர். முதலிடம் ‘பதினாலாம் நம்பர் பஸ்’. அது முகாய் தனக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர். இரண்டாமிடம் ‘ஈரக்குடை’. ஐந்து வருஷமாக இதே கதைதான்.

“புத்தாண்டுக்குக் கூட எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வரதில்ல, ஒகினோ சான். இந்த ஈரக்குடைதான் வாரம் தவறாம வருது. எங்கயோ ஒரு ஊர்ல இன்னொரு ஆளும் இதைப் பாடுதுன்னு நினைச்சாத்தான் வீட்டுக்குப் போகவே மனசு வருது.”

“யாரா இருக்கும்?”

“என்னை மாதிரி ஒரு தனிக்கட்டையாத்தான் இருக்கும். எண்பத்தெட்டு வாங்கிச்சு, அப்புறம் எண்பத்தொன்பது, போன வாரம் தொண்ணூறு. என்ன முட்டி மோதினாலும் நான் தொண்ணூத்திரண்டு வாங்கி மேல உக்காந்துக்கறேன். பாவமா இருக்கு. இன்னிக்கு விட்டுக் குடுக்கப் போறேன்.”

“நல்லா இருக்கே. முகம் தெரியாத ஆளுக்குத் தோத்துப் போக ஒருத்தர் மழையில வராராம்.”

அன்று முகாய் வேண்டுமென்றே சுருதியைக் கோட்டைவிட்டார். எழுபத்தொன்று. பட்டியலில் ஈரக்குடை மேலே ஏறி உட்கார்ந்தது. யாரென்றே தெரியாத அந்த ஆள் எங்கோ ஓர் அறையில் துள்ளிக் குதிப்பதாக நினைத்துக்கொண்டு, முகாய் தனியாகக் கை தட்டினார். மனசு நிறைந்து போயிற்று. இன்னும் கொஞ்ச நாள் ஜெயிக்கட்டுமே என்று அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே பாடினார். எழுபது. அறுபத்தெட்டு.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி நேரம் மீதியிருக்கும்போதே அவர் அறையை விட்டு வெளியே வந்தார்.

“என்ன ஆச்சு? முகமே சரியில்லையே” என்றாள் ஒகினோ.

“ஈரக்குடை பேரு விழுந்துடுச்சு. திரையில நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

“ஜலதோஷமா இருக்கும். அடுத்த வாரம் வந்துடும், பாருங்க.”

“ஒரு மாசமாவா ஜலதோஷம்? செத்துகித்துப் போயிருந்தாக் கூட எனக்கு யார் வந்து சொல்லப் போறா?”

ஒகினோ பார்லி டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். கல்லாவுக்கு மேலிருந்த டிவியில் மதிய அரட்டை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த குரல் கேட்டு முகாய் நிமிர்ந்தார். தலை நரைத்துப் போன ஹொனாமி.

“அந்தத் தக்காளிப் பாட்டு ஞாபகம் இருக்கா?” என்று யாரோ கேட்க, அரங்கமே சிரித்தது.

“இல்லாமலா? கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் வாராவாரம் கரோக்கேவுக்குத் தனியாப் போய்ப் பாடிட்டுத்தான் இருந்தேன். என் பாட்டுலயே எனக்கு ரெண்டாவது இடம். மேல ஒரே ஒரு பேர், பதினாலாம் நம்பர் பஸ்னு. அதைப் பாக்கத்தான் போறதே.” ஹொனாமி அதே பழைய சிரிப்பைச் சிரித்தாள். “அப்புறம் என்னவோ எழுபத்தொண்ணு, எழுபது, அறுபத்தெட்டுன்னு இறங்கிக்கிட்டே வந்தார். இருந்த ஒரே ஆளுக்கும் அலுத்துப் போச்சுன்னு புரிஞ்சுது. நானும் நிறுத்திட்டேன்.”