கடல் பார்க்கப் போறவங்களுக்கு

"கல்யாணம் முடிஞ்ச கையோட விசாகப்பட்டினம் போறோம். நீங்க பாத்த ஊருதானே, எங்க தங்கலாம்?" போனில் தமிழ்மாறன் கேட்டான்.

வந்த ஆத்திரத்தை இசைவாணி மென்று விழுங்கினாள். "பீச் ரோட்டுலயே ரூம் போடுங்க. விடியக்காலையில மீன் படகு வர்றதப் பாருங்க. அரக்கு மலைக்கு ரயில்ல போங்க, ஜன்னல் சீட்ட விட்டுறாதீங்க."

"பொம்பளைகளுக்குப் பயமில்லையே?"

"நான் தனியாத்தான் சுத்துனேன். அங்க ஒரு பயலும் ஏன்னு கேக்கல. மதுரைக்கு வந்தப்புறந்தான் கேட்டாங்க."

"அப்ப நம்பிப் போகலாம்."

"தாராளமா. கோச்சடையில எங்க வீட்டுக்கு என்னையப் பொண்ணு பாக்க வந்து, கேசரியத் தின்னுட்டு, 'தனியா ஊரு சுத்துன பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஆகாது'ன்னு எந்திரிச்சுப் போனீங்களே, இப்ப அதே ஊரு இனிக்குதோ?"

"சரி, வச்சுர்றேன்" என்றான் தமிழ்மாறன்.

"வரப்போற அண்ணிகிட்ட என் நம்பரக் குடுங்கண்ணே. அடுத்த தடவ நாங்க ரெண்டு பேரும் போயிக்கிறோம்."