லைனில் காத்திருப்பவர்

குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகிறது. மூன்றாவது மாடிக்கு எட்டாவது வாளியைத் தூக்கி வந்து இறக்கினாள் ட்ரம்மரின் மனைவி. அவர், காலையில் அவள் பார்த்த அதே நாற்காலியில், போனைக் காதில் வைத்தபடி இருந்தார்.

"தண்ணி ஆபீஸ்ல இன்னுமா எடுக்கல?"

"இல்ல."

"ஹோட்டல் ஹோட்டலா ஜாஸ் வாசிக்கிற கைக்கு ஒரு வாளி தூக்க முடியல. குடுங்க இங்க!"

பிடுங்கிக் காதில் வைத்தாள். காத்திருப்பவர்களுக்கான இசை ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

"இது... பெரியவ பொறந்தப்ப தொட்டில்ல தட்டிக்கிட்டே நீங்க போட்ட ட்யூனாச்சே!"

"அதேதான். ஒரு கம்பெனி வாங்கிட்டுப் போச்சு. முப்பது வருஷம் கழிச்சு இங்க வந்து கிடக்கு."

"அதுக்கு? அவன் எடுக்கவே மாட்டேங்கிறானே!"

"எடுத்துடறாங்கம்மா. ஆறு தடவை எடுத்துட்டாங்க. நான்தான் வச்சுட்டு வச்சுட்டு மறுபடி போடறேன். என் ட்ரம்ஸ் வர்ற இடத்துக்கு முன்னாடியே எடுத்துடறாங்க. அதை வெட்டிட்டாங்களா, விட்டு வச்சிருக்காங்களான்னு தெரியல."

வாளியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அதற்குள் போனில் ஒரு பெண்குரல்: "சொல்லுங்க, என்ன புகார்?"

அவள் வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மூணு நாள் பொறுத்தாச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் லைன்லயே போட்டு வைங்கம்மா."

விட்ட இடத்திலிருந்து இசை தொடர்ந்தது. போனை அவர் காதில் வைத்தாள். அவருடைய விரல்கள் தொடையில் தாளம் எண்ண ஆரம்பித்தன.