மாதிரி ஃபைல்

"இதைத் தொறந்து காட்டுங்கம்மா, வேலை உங்களுக்குத்தான். முடியலைன்னா வந்த வழியே கிளம்பிட வேண்டியதுதான்."

சொன்னவர் அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மேனேஜர். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: ஆன் பண்ணுவது, அது ஆன் ஆகாவிட்டால் யாரையாவது திட்டுவது. பக்கத்தில் கைகட்டி நின்ற உதவியாளருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் ஆமாம்சாமி.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வயது நாற்பத்தாறு, வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது, இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது.

"இது உங்க ஆபீஸ் ஃபைலா சார்?"

"சேச்சே! பரீட்சைக்கு வச்சிருக்கிற மாதிரி ஃபைல். பழைய டேட்டாபேஸ். புது சாஃப்ட்வேர்ல தொறக்க மாட்டேங்குது. மூணு மணிக்குள்ள தொறக்கணும்."

"அதென்ன மூணு மணி?"

"கேள்வி கேக்கிறது நாங்க," என்றார் மேனேஜர்.

"ஆமாம் சார்!" என்றார் ஆமாம்சாமி.

"போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. மவுஸைப் பிடிக்கவே கை வெடவெடன்னு நடுங்குது! இந்த லட்சணத்துல வேலைக்கு வேற வந்துட்டாங்க. என்னமா சிரிச்சோம்!" என்றார் மேனேஜர்.

இரண்டு பேரும் மறுபடியும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த ஐகானை உற்றுப் பார்த்தாள்.

"சார், இது ஃபைலே இல்ல. ஷார்ட்கட். மூலையில சின்னதா அம்புக்குறி இருக்கு பாருங்க. ஃபைல் வேற எங்கேயோ கிடக்கு. இது அங்க போக வழி காட்டுது, அவ்வளவுதான்."

"அம்பு வில்லு எல்லாம் எங்களுக்கும் தெரியும்."

தெரியாது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அவள் தேடிப்பிடித்து உண்மையான ஃபைலை எடுத்தாள். பக்கத்திலேயே அதன் நகல் ஒன்றும் இருந்தது, பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் மாறியிருந்தன.

"பேரோட வாலை யாரு மாத்தினது?"

"நான்தான்," என்றார் ஆமாம்சாமி பெருமையாக. "புது ஃபைல் மாதிரி பேர் வச்சா தொறந்துக்கும்னு..."

"பேரை மாத்தினா வயசு குறைஞ்சிடுமா சார்?"

"உங்க வயசைப் பத்தியும் பேசலாமா?" என்று குத்தினார் மேனேஜர்.

அவள் பையிலிருந்து பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தாள். மேஜை அதிர்ந்தது.

"என்னம்மா இது, அம்மிக்கல்லா?"

"இது ரொம்பப் பழைய ஃபைல் சார். இப்ப வர்ற சாஃப்ட்வேர் இதைச் சீண்டாது. நடுவுல வந்த வெர்ஷன் ஒண்ணு, ரெண்டையும் படிக்கும். அது இந்த அம்மிக்கல்லுலதான் இருக்கு."

ஒரிஜினலைத் தொடாமல் தன் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தாள். லேப்டாப்பில் திறந்து, புது ஃபார்மேட்டுக்கு மாற்றி, அதே பென் டிரைவில் சேவ் செய்தாள். பென் டிரைவை மேனேஜரின் கம்ப்யூட்டரில் செருகினாள். இரண்டு தட்டுத் தட்டினாள், திரையில் ஓர் ஐகான் வந்து உட்கார்ந்தது.

மேனேஜர் அதைத் தட்டினார். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், கம்பி எப்போது மாற்றினார்கள் என்று இருபத்திரண்டு வருடக் கணக்கும் வரிசையாக வந்து விழுந்தது. மூடினார், தட்டினார், மறுபடியும் திறந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ வேலை சார்?"

மேனேஜரின் முகம் சட்டென்று மாறியது. "பாக்கலாம்மா. உங்க வயசு, அந்த எட்டு மாச இடைவெளி, எல்லாத்தையும் யோசிக்கணும். தகவல் சொல்லி அனுப்புறோம்."

"தொறந்தா வேலைன்னு சொன்னீங்களே?"

"எல்லாரும் சொல்றதுதானேம்மா அது!"

அவள் பென் டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். கதவு சாத்தியதும் மேனேஜர் விண்ணப்பத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"வேலையாவது மண்ணாவது! இருபத்துமூணு பேர்ல இது ஒண்ணுதான்யா உருப்படி. டெக்னீஷியனைக் கூப்பிட்டிருந்தா பில்லைப் போட்டே மொட்டையடிச்சிருப்பான். ஒரே ஒரு விளம்பரம், ஓசியிலயே முடிஞ்சுது பாத்தியா?"

"ஆமாம் சார்! மூளை சார் உங்களுக்கு!"

மூன்று மணிக்குப் பாதுகாப்பு ஆய்வு அதிகாரிகள் வந்தார்கள். கணக்கு இல்லாவிட்டால் உரிமம் ரத்து என்று ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்தவர்கள். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி ஐகானைத் தட்டினார்.

'ஃபைல் கிடைக்கவில்லை' என்றது திரை.

இன்னொரு முறை தட்டினார். அப்போதுதான் ஐகானின் மூலையில் இருந்த சின்ன அம்புக்குறி அவர் கண்ணில் பட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு மேனேஜரும் ஆமாம்சாமியும் குப்பைக்கூடைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். கசங்கிய விண்ணப்பத்திலிருந்து நம்பரைப் பார்த்து போன் போட்டார் மேனேஜர்.

"அம்மா! ஃபைல் எங்கம்மா?"

"பென் டிரைவ்ல இருக்கு சார். மாதிரி ஃபைல்தானே, உங்களுக்கு எதுக்குன்னு எடுத்துட்டு வந்துட்டேன். ஒரிஜினல் அங்கேயே பத்திரமா இருக்கு, நீங்க குடுத்தபடியே, தொறக்காம."

"தாயே, உடனே வாங்க! வேலை உங்களுக்குத்தான், ஆர்டரை இப்பவே அடிக்கச் சொல்றேன்!"

"எனக்கெதுக்கு சார் வேலை? நான் சொந்தமா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். நீங்க குடுத்தது மாதிரி ஃபைல், நான் குடுத்தது மாதிரி விண்ணப்பம். எட்டு மாசமா வேலை இல்லாம இருக்கிறது எங்க அண்ணி, போன வாரம் நீங்க சிரிச்சு அனுப்பினவங்க. ஆர்டரை அவங்க பேருக்கு அடிங்க, கீழ வாசல்லதான் நிக்கிறோம். பென் டிரைவ் அவங்க கையிலதான் இருக்கு சார், இப்ப அந்தக் கை துளிகூட நடுங்கலை."