பதினேழு டிகிரி

"அண்ணே, இந்த மீட்டர் பொய் சொல்லுதா, இல்ல இவரு பொய் சொல்றாரா? ரெண்டுல ஒண்ணு இப்பவே தெரிஞ்சாகணும்!"

பழைய சாகா காடியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகச் சுசீலா கேட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவள் கணவன் பிச்சைமுத்து இறங்கவே இல்லை.

மலாக்கா ஆயர் குரோவில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் தனபாலன், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன தங்கச்சி ஆச்சு?"

"நீங்களே பாருங்க."

டாஷ்போர்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். மூன்று வாரத்துக்கு முன்னால் பிச்சைமுத்து ஆசையாக வாங்கிவந்து, தனபாலன் கையாலேயே மாட்டிக்கொண்டது. அதிலிருந்து ஓர் ஒயர் முன் பம்பருக்குள் போகும். ஒயர் நுனியில் இருக்கும் சென்சார், வெளியே எத்தனை டிகிரி என்று சொல்லும். வருஷம் முழுக்க வேர்க்கிற ஊரில் இது எதற்கு என்று அன்றைக்குச் சுசீலா திட்டினாள். இன்றைக்கு அவள்தான் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினாள்.

மீட்டரில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால், மாட்டிய நாளிலிருந்து பதிவானதிலேயே ஆகக் குறைந்த டிகிரி தெரியும். சுசீலா அழுத்தினாள்.

பதினேழு.

"மலாக்காவுல என்னைக்குண்ணே பதினேழு வந்துச்சு? மலை மேலதான வரும்! தைப்பூசத்துல கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணினாரு, இனிமே கெந்திங் மலைக்குப் போகமாட்டேன், சூதாட மாட்டேன்னு. சாமி சும்மா விடுமா?"

"நான் போகலண்ணே!" பிச்சைமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் காடி இங்க கிளட்ச் மாத்தக் கெடந்துச்சு. மத்த நாளெல்லாம் ஃபேக்டரியில ஓவர்டைம்லா! வேணும்னா சூப்பர்வைசருக்குப் பேஜ் பண்ணிக் கேக்கட்டும்."

"ஞாயித்துக்கெழம?"

"தஞ்சோங் கிளிங்குக்கு மீன் வாங்கப் போனேன்."

"மீன் எங்க?"

"கெடைக்கல."

"கடக்கரையில மீன் கெடைக்கலையாம்! கேட்டீங்களாண்ணே?"

பின் சீட்டில் அவளுடைய துணிப்பை தயாராக இருந்தது. மீட்டர் சரியாக இருந்தால் இங்கிருந்தே பஸ் பிடித்து மூவாரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

தனபாலன் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "புனிதா, ஒரு மக்குல ஐஸ் கொண்டா!"

அவர் மனைவி புனிதா ஐஸ் கொண்டுவந்தாள். வந்தவர்களுக்கு டீயும், செக்கச்செவேல் என்று ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ரொட்டியும் கூடவே வந்தன. பிச்சைமுத்து ஒரு கடி கடித்தான். மீதியை அப்படியே வைத்துவிட்டான்.

தனபாலன் சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முக்கினார். மீட்டர் சுழியம் காட்டியது.

"கரெக்டா காட்டுது!" என்றாள் சுசீலா.

பிச்சைமுத்துவைக் கீழே இறக்கி, சென்சாரை அவன் அக்குளில் வைக்கச் சொன்னார். முப்பத்தாறு.

"அதுவும் கரெக்டு!" அவள் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். குரல் மட்டும் உடைந்திருந்தது. "நல்லா இருங்க. நான் வரேன்."

பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த தனபாலன் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"இரு தங்கச்சி! சென்சார் நல்லாத்தான் இருக்கு. ஒயரப் பார்க்க வேணாமா?"

பம்பருக்கு அடியில் படுத்தார். ஒயர் இணைப்பு அவரே பற்றவைத்தது, ஒரு குறையும் இல்லை. யாருக்கும் தெரியாமல் குறட்டால் நாலு இழையை நறுக்கி, இணைப்பைத் தளர்த்திவிட்டார்.

"இப்ப மீட்டரப் பாரு. நான் ஆட்டறேன்."

முப்பத்தொன்றிலிருந்து இருபத்து நாலு, பதினேழு, பன்னிரண்டு என்று மீட்டர் மளமளவென இறங்கியது.

"பாத்தியா? ஒயர் லூசாயிட்டா மீட்டருக்குக் குளுருதுன்னுதான் தோணும். ஏதோ குழியில காடி குதிச்சிருக்கு, பதினேழுன்னு பதிஞ்சிருச்சு. பாவம், அவரச் சந்தேகப்பட்டுட்டியே!"

சுசீலா துணிப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏங்க... நெசமாவே மீன் கெடைக்கலையா?"

"சத்தியமா கெடைக்கல சுசீலா."

"சரி, வாங்க. போறப்ப பாசார்ல வாங்கிக்குவோம்."

தனபாலன் ஒயரை மறுபடி பற்றவைத்து, பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய கணக்கையும் அழித்தார். எவ்வளவு வற்புறுத்தியும் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது பிச்சைமுத்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். "என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க. நீங்க தெய்வம்ணே!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா நான் மலைக்கு நெசமாவே போகலண்ணே."

"எனக்குத் தெரியாதா முத்து!" தனபாலன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

காடி முனை திரும்பி மறையும்வரை புனிதா வாசலில் நின்றாள். பிறகு ஜாம் போத்தலை இறுக்கி மூடிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த தடவ கிளட்ச் டெஸ்ட் பண்றேன்னு கஸ்டமர் காடியில என்னையக் கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போறப்ப, மொதல்ல அந்த ஒயரக் கழட்டி வச்சிருங்க."